பழைய லாரியும் காலக் கணிப்பும்

நாள் குறிக்கப்படாத கல்வெட்டு ஒன்று கிடைத்தால் அறிஞர்கள் கலங்குவதில்லை. எழுத்து வட்டெழுத்தா, தமிழெழுத்தா, மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்பட்டுள்ளதா, எழுத்தின் வளைவு எப்படிப்பட்டது என்பனவற்றை நோக்கி, இஃது ஏறத்தாழ இன்ன நூற்றாண்டினது என்று கூறிவிடுகின்றனர். நாள் குறிக்கப்படாத நிழற்படத்துக்கும் இம்முறை பொருந்தும். படத்தில் நிற்கும் மனிதர் ஆண்டைச் சொல்லமாட்டார். அவர் கை வைத்து நிற்கும் லாரி சொல்லும். அந்த லாரியை யார் செய்தார், எந்த மாதிரி, எந்த ஆண்டுகளில் வெளிவந்தது என்று அறியும் வழிகளையும், அவ்வழிகள் எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதையுமே இங்குக் கூற முற்படுகிறேன்.

தேவிகுளம், மூணாறு பகுதிகளிலிருந்து மும்பைக்கும் பெங்களூருக்கும் தில்லிக்கும் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கன்று. பாட்டன் மலையேறிய ஆண்டு எது என்ற கேள்விக்கு அக்குடும்பங்கள் பலவற்றில் எழுத்துச் சான்று இல்லை. கங்காணியின் பின்னே திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்தும் நடந்து சென்றவர்கள் பிறந்த நாளையே எழுதிவைத்தவர்கள் அல்லர். எனினும் அந்த ஆண்டு சட்டத்தின் முன் பொருளுடையதாகிவிட்டது. பட்டியல் சாதியினரைக் குறிக்கும் குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10-ஆம் நாள் பிறந்தது. அந்நாளில் ஒரு குடும்பம் எந்த மாநிலத்தில் வசித்ததோ, அதையொட்டியே அதன் உரிமை கணிக்கப்படுகிறது. ஆதலால் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்தவர்களும், தம் முன்னோர் 1950-க்கு முன்பே இங்கிருந்தனர் என்பதைக் காட்டவேண்டிய நிலை ஏற்பட்டது. தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினரின் தேர்தல் செல்லுமா என்ற வழக்கு 2023-இல் கேரள உயர் நீதிமன்றத்திலும் 2025-இல் உச்ச நீதிமன்றத்திலும் தீர்ப்புப் பெற்றபோது, வாதத்தில் எழுந்த வினாக்களுள் இதுவும் ஒன்று.

இனி லாரிக்கு வருவோம். ஆனால் லாரி மலைக்கு வருமுன் அங்கு என்ன இருந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒரு படத்தில் லாரி இல்லாமையும் ஒரு செய்தியே.

பூஞ்சாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றது 1877-இல். கண்ணன் தேவன் கம்பெனி தோன்றியது 1897-இல். அதன் பின்னர் தேயிலை பெருகிற்று. பெருகிய தேயிலையை மலையிலிருந்து இறக்குவதே பெரும்பாடாயிற்று. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் ஒன்றை அமைத்தனர். வண்டியின் சிறு சக்கரம் தண்டவாளத்தின்மேலும், பெரிய சக்கரம் பக்கத்துச் சாலையின்மேலும் உருளும், இழுப்பவை மாடுகள். கேட்க வேடிக்கையாக இருப்பினும் மாட்டின் உழைப்பை மிச்சப்படுத்திய நல்ல ஏற்பாடு அது. 1908-இல் அதை நீக்கி, இரண்டடி அகலப் பாதையில் சிறு இரயில் விட்டனர். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை இரயில். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறக்கம். அப்பால் போடிநாயக்கனூருக்கு மாட்டுவண்டி. போடிக்கு இரயில் வந்தது 1928-இல்தான்.

1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099-இல், மலையாள நாடெங்கும் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று இன்றும் வழங்கும் பெருவெள்ளம் வந்தது. குண்டளை இரயில் பாதை அடியோடு அழிந்தது. மீண்டும் போடப்படவே இல்லை. ஆலுவாயிலிருந்து மூணாற்றுக்கு வந்த பழைய சாலையும் சிதைந்தது. நேரியமங்கலம், அடிமாலி வழியாகப் புதிய சாலை 1931-இல் திறக்கப்பட்டது. நேரியமங்கலத்துப் பாலம் 1935-இல் முடிந்தது. ஆகவே, இந்த மலைகளில் லாரி அரசோச்சத் தொடங்கிய காலம் இந்த வெள்ளத்தை அடுத்த காலமே. இரயில் பிழைத்திருந்தால் லாரியின் வரலாறு இவ்வளவு விரைவில் தொடங்கியிருக்குமா என்பது ஐயம்.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு சொல். நாம் ‘லாரி’ என்பது ஆங்கிலேயர் வழக்கு. வட இந்தியாவில் வாழும் நம்மவர் ‘டிரக்’ என்று சொல்லப் பழகிவிட்டனர். அஃது அமெரிக்கர் வழக்கு. நம் சாலைகளில் முற்காலத்தில் ஓடியவை பெரும்பாலும் அமெரிக்க வண்டிகள். பெயரோ பிரிட்டிஷ் பெயர். ‘சரக்குந்து’ என்ற நல்ல தமிழாக்கம் கோப்புகளில் இடம்பெற்றுள்ளது. மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட நானும் அதை எழுதுகிறேன். தெருவைக் கடக்கும்போது மட்டும் “லாரி வருகிறது” என்றே வாயில் வருகிறது.

பழைய லாரியை அடையாளம் காண முனைவோர் முதலில் தெளியவேண்டிய உண்மை ஒன்று உண்டு. தொழிற்சாலையிலிருந்து நம் நாட்டுக்கு வந்தது பெரும்பாலும் முழு லாரியன்று. சட்டமும், என்ஜினும், சக்கரங்களும், முன்முகமும் கொண்ட ‘சேசிஸ்’ மட்டுமே வந்தது. டிரைவர் அமரும் அறையையும் பின்னுள்ள பெட்டியையும் உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் மரத்தாலும் தகட்டாலும் கட்டினர். பழைய நூல் ஒன்றில் மூலம் ஒருவருடையது, உரை வேறொருவருடையது என்பதுபோல, இந்த வண்டியில் முன்பகுதி டெட்ராயிட் நகரத்தது, பின்பகுதி மதுரைப் பட்டறையினது. உரையை மூலமென்று மயங்கினால் கணிப்புத் தவறும். கதவும், ஜன்னலும், கூரையும், அவற்றில் தீட்டிய பூவேலையும் பட்டறையின் கையெழுத்துகள். மாதிரியை அறிய நோக்கவேண்டியவை ரேடியேட்டரின் முகப்பு, பானெட்டின் பக்கங்களில் உள்ள காற்றுத் துளைகள், மட்கார்டின் வளைவு, விளக்குகள் பொருத்தப்பட்ட இடம், சக்கர நடுவின் அமைப்பு ஆகியவை.

என்ஜினை நம்புவதும் கூடாது. 1950-களில் சென்னை சிம்ப்ஸன் நிறுவனம் பெர்க்கின்ஸ் டீசல் என்ஜின்களைச் செய்யத் தொடங்கியபின், பெட்ரோல் குடித்துக் கொண்டிருந்த அமெரிக்க லாரிகள் பலவற்றின் வயிற்றில் அவை இடம்பிடித்தன. பெட்ரோல் விலைக்கு அஞ்சிய உரிமையாளர் செய்த சிக்கனம் அது, வரலாற்றாசிரியனுக்கோ தொல்லை.

மிகப் பழைய முகம் ஃபோர்டு டி மாதிரியின் முகம். அதன் சரக்கு வடிவமான ஒரு டன் ‘டி.டி.’ 1917 முதல் 1927 வரை செய்யப்பட்டது. நெட்டையான, தட்டையான ரேடியேட்டர், மெல்லிய சக்கரங்கள், தனியே நிற்கும் இரு விளக்குகள் என்று அதை எளிதில் அறியலாம். ரேடியேட்டர் பித்தளையால் மின்னினால் அது 1917-க்கு முந்திய வண்டி. அதன் பின் வந்தவற்றில் கறுப்பு. 1926-இல் ஃபோர்டும் 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் வண்டி பூட்டும் வேலையைத் தொடங்கின. ஜெனரல் மோட்டார்ஸின் கூடம் பம்பாய்ச் சிவ்ரியில் இருந்தது. எனவே 1930-களின் மலைப்பாதைப் படங்களில் ஃபோர்டும் செவ்ரலேயும் முன்வந்து நிற்கக் காண்பதில் வியப்பில்லை. 1931-இல் இங்கிலாந்தில் பெட்போர்டு என்ற புதுப் பெயர் பிறந்தது. முதல் பெட்போர்டு செவ்ரலேயின் மறுபிறவிபோலவே இருக்கும். இரண்டும் ஜெனரல் மோட்டார்ஸின் குழந்தைகளே ஆதலின், தெளிவற்ற படத்தில் அவற்றைப் பிரித்தறிய முயல்வது வீண். 1939-இல் வந்த ‘ஓ’ வரிசைப் பெட்போர்டோ உருண்டு முன்தள்ளிய மூக்கு உடையது. ஒருமுறை கண்டவர் மறவார்.

பிறகு போர் வந்தது. கனடா நாட்டில் ஃபோர்டும் செவ்ரலேயும் ஒரே இராணுவ மாதிரியில் லட்சக்கணக்கான லாரிகளைச் செய்து பிரிட்டிஷ் பேரரசின் படைகளுக்கு அனுப்பின. போர் முடிந்தபின் இந்தியாவிலிருந்த உபரி இராணுவ வண்டிகள் ஏலத்தில் தனியார் கைக்கு வந்தன. ‘டிஸ்போசல் லாரி’ என்று பெயர் பெற்றன. இவற்றை அடையாளம் காண்பதுபோல் எளியது வேறில்லை. மூக்கு குட்டையாக, சப்பையாக இருக்கும். முன்கண்ணாடி, மற்ற வண்டிகளில் போலன்றித் தலைகீழாகச் சாய்ந்திருக்கும். அதாவது மேல் விளிம்பு முன்னே நீண்டும் கீழ் விளிம்பு உள்வாங்கியும் இருக்கும். சூரிய ஒளி கண்ணாடியில் பட்டுப் பகை விமானத்துக்குக் காட்டிக்கொடுக்காமலிருக்கச் செய்த சூழ்ச்சி அது. இவற்றுள் ஃபோர்டு எது, செவ்ரலே எது என்று அறியவும் வழியுண்டு. முகப்புக் கம்பிவலையின் கண்கள் சதுரமாயின் பெரும்பாலும் ஃபோர்டு, சாய்சதுரமாயின் செவ்ரலே. மூடியைத் திறந்து பார்க்க முடிந்தால் ஐயமே இல்லை. ஃபோர்டில் எட்டுச் சிலிண்டர் வி-8, செவ்ரலேயில் வரிசையாய் ஆறு.

சுதந்திரத்துக்குப் பின் குழப்பம் மிகுந்த காலம் ஒன்று வருகிறது. பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கிரைஸ்லர் கம்பெனியின் துணையோடு லாரிகளை வெளியிட்டது. டாட்ஜ், ஃபார்கோ, டி சோட்டோ என்று மூன்று பெயர்கள், வண்டி ஒன்றே. முகப்பில் ஒட்டிய எழுத்துகள் மட்டும் வேறு. “எங்கள் வீட்டு வண்டி ஃபார்கோ, டாட்ஜ் அன்று” என்று வாதிடும் பெரியவர்களைக் காணலாம். இருவர் சொல்வதும் உண்மையே. அதே காலத்துச் செவ்ரலேயை அதன் ஐந்து கிடைக்கம்பிகள் காட்டிக்கொடுக்கும். அம்முகம் 1947-இல் வந்து 1953 வரை இருந்தது, 1954-இல் மாறிற்று. அதை ஒட்டிய காலத்திலேயே ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியக் கூடங்களை மூடின. பாகங்களைத் தருவித்துப் பூட்டுவது போதாது, இங்கேயே செய்யவேண்டும் என்று அரசு வற்புறுத்தியதே காரணம்.

அவர்கள் விட்ட இடத்தை இருவர் நிரப்பினர். சென்னை எண்ணூரில் 1948-இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. பின் லேலண்ட் கம்பெனியோடு உடன்படிக்கை செய்து ‘காமெட்’ லாரிகளை வெளியிட்டது. 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிற்று. ஜாம்ஷெட்பூரில் டாட்டாவினர் 1954-இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு கூடி லாரி செய்யத் தொடங்கினர். ‘டாட்டா பென்ஸ்’ என்று நாம் அழைத்த அந்த வண்டியின் மூக்கில் மூன்று முனை விண்மீன் சின்னம் இருந்தது. 1969-இல் உடன்படிக்கை முடியவே, விண்மீன் மறைந்து ‘டி’ என்னும் ஆங்கில எழுத்து அவ்விடத்தில் அமர்ந்தது. அம்மரபில் மாதிரி எண்களும் பொருளற்றவை அல்ல. 1210 என்றால் முதல் இரண்டு இலக்கமும் சரக்கோடு கூடிய மொத்த எடை ஏறத்தாழ 12 டன் என்பதையும், பின்னிரண்டும் என்ஜினின் ஆற்றல் நூறு குதிரைத் திறன் அளவினது என்பதையும் குறிக்கும்.

பதிவுப் பலகையும் ஒரு சுவடி. தேவிகுளம் 1972 ஜனவரி 26-இல் இடுக்கி மாவட்டம் பிறக்கும்வரை கோட்டயம் மாவட்டத்தில் இருந்தது. ஆதலால் மூணாற்றுத் தோட்டத்து வண்டியில் கோட்டயத்தின் ‘கே.எல்.கே.’ என்ற மூன்றெழுத்தைக் காணலாம். கேரள மாநிலம் தோன்றியது 1956 நவம்பர் 1-இல், ‘கே.எல்.’ என்பது அதற்கு முன் இருந்திருக்க இயலாது. ‘எம்.டி.’, ‘எம்.எஸ்.’ என்று தொடங்கினால் அது சென்னை மாநிலத்து வண்டி. போடியிலிருந்து மேலேறி வந்ததாக இருக்கலாம். 1989-இல் நாடெங்கும் புதுமுறை வந்தபின் மாநில எழுத்தை அடுத்து இலக்கங்கள் வரலாயின. இன்று தேவிகுளத்துக்கு உரியது கே.எல். 68.

மேலே கூறிய அடையாளங்களை ஒருமுறை எண்ணிப்பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். அவற்றுள் பெரும்பாலானவை ‘இதற்கு முந்தியது அன்று’ என்றே கூறுகின்றன. ‘இதற்குப் பிந்தியது அன்று’ என்று கூறுவதில்லை. ‘டி’ எழுத்துள்ள லாரி 1969-க்கு முன் எடுத்த படத்தில் இருக்க முடியாது. ஆனால் விண்மீன் உள்ள லாரி 1980-இல் எடுத்த படத்திலும் இருக்கலாம். லாரியை எவரும் சின்னம் மாறியதற்காகத் தூக்கியெறிவதில்லை. நம் நாட்டு லாரி முப்பது ஆண்டு உழைத்தும் ஓயாதது. 1938-ஆம் ஆண்டுச் செவ்ரலே முன் ஒருவர் நிற்கிறார் என்பதால் அவர் 1938-இல் மலையில் இருந்தார் என்று முடிவுகட்டினால், அது கல்வெட்டுள்ள கோயிலில் நின்று படமெடுத்துக்கொண்டவரைச் சோழர் காலத்தவர் என்பதற்கு ஒப்பாகும்.

1950-க்கு முன் வசித்ததைக் காட்டவேண்டிய குடும்பத்துக்கோ, வேண்டுவது மேல்வரம்பு. அதைத் தருபவை வண்டியோடு பிறந்த உறுப்புகள் அல்ல. ஒரு காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டு, பின் உதிர்ந்துபோனவை. போர்க்காலத்தில் பெட்ரோல் பங்கீட்டில் அடங்கியபோது கரியை எரித்து வாயு உண்டாக்கும் உருளைக் கலம் ஒன்றைப் பஸ், லாரிகளில் பொருத்தினர். ‘கரி பஸ்’ என்று முதியோர் நினைவுகூர்வது அதைத்தான். போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் அந்தக் கரிய உருளையைக் கழற்றி எறிந்தனர். எவரும் அதை மறுபடி விரும்பவில்லை. ஆகவே உருளை தெரியும் படம் 1940-களுக்கு உரியது என்று துணிந்து சொல்லலாம். விமானத் தாக்குதலுக்கு அஞ்சி மூடியிட்ட, அல்லது பாதி கறுப்புப் பூசிய முன்விளக்குகளும் அத்தகையனவே. திருவிதாங்கூர் அரசின் காலத்துப் பதிவுப் பலகையும் அத்தகையது. மாநிலம் மாறிப் பலகை மாறியபின் பழையது திரும்பாது. இன்னும் முன்னே செல்வோமாயின், படத்தின் ஓரத்தில் குண்டளை இரயில் ஓடும் காட்சி இருக்குமானால், அது 1924-க்கு முந்தியது என்பதில் வாதத்துக்கே இடமில்லை.

இவ்வளவும் கைகூடினும் ஒரு நிழற்படம் தனித்து நின்று அலுவலகத்தில் சான்றாகிவிடும் என்று எண்ணலாகாது. படத்திலுள்ளவர் இன்னார் என்பதை லாரி சொல்லாது. இடம் குண்டளையா, குமுளியா என்பதையும் சொல்லாது. அதன் பயன் வேறு. தோட்டங்களின் பேரேடுகளும் சம்பளப் பதிவுகளும் பல ஆண்டுகளைக் கொண்டவை; கம்பெனியும் 1983-இல் டாட்டா டீ என்றும், 2005 முதல் இந்த மலைகளைப் பொறுத்தவரை கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பெனி என்றும் கைமாறி வந்துள்ளது. எந்த ஆண்டுப் பேரேட்டைக் கேட்பது என்று அறியாமல் கேட்பவருக்கு விடை கிடைப்பது அரிது. ‘1942-க்கும் 1946-க்கும் இடையே, இந்த டிவிஷனில்’ என்று கேட்க முடிந்தால் தேடுபவரும் சலிப்பின்றித் தேடுவார். லாரி தரக்கூடிய உதவி அவ்வளவே. என் கருத்தில் அது சிறிதன்று.

வீட்டில் அத்தகைய படம் உள்ளவர்கள் அதற்குப் பிரதி எடுத்து, வெவ்வேறு ஊர்களில் உள்ள உறவினரிடம் ஒவ்வொன்று இருக்கச் செய்தல் நலம். 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்களைக் கொண்டபோது, லயத்து வீடுகளோடு டிரங்குப் பெட்டிகளும் மண்ணுக்குள் போயின. பிரதி எடுக்கும்போது முகங்களை மட்டும் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடுவது பலருக்கு வழக்கம். பதிவுப் பலகையும், சக்கரமும், முகப்பின் கம்பிகளும் இருப்பது அந்த ஓரங்களில்தான்.

படத்தை வைத்துக்கொண்டு நூல்களைப் புரட்டுவதைவிடப் போடியிலோ தேனியிலோ உள்ள முதிய மெக்கானிக் ஒருவரிடம் காட்டுவது விரைவில் பயன்தரும். மட்கார்டின் வளைவைக் கண்டமாத்திரத்தில் பெயர் சொல்லக்கூடியவர்கள் சிலர் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் கூறும் பெயரை நாம் திருத்தாமல் அவர்கள் ஒலிக்கும்படியே எழுதிக்கொள்ளவேண்டும். ‘சவர்லெட்’ என்றால் செவ்ரலே; ‘பார்க்கோ’ என்றால் ஃபார்கோ. ‘மிலிட்டிரி வண்டி’ என்று மட்டும் சொன்னால், முன்கண்ணாடி எப்பக்கம் சாய்ந்திருந்தது என்று கேட்டால் போதும்.